பாதிரி எழுந்த பிற்பகல்

கார்டினர், மொன்டானா
அக்டோபர் கடைசி வாரம்

அன்புள்ள ஆர்லோவுக்கு,

வெர்னா எழுதுவது. இங்கு நான் நலம். உங்கள் அக்காவின் முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தது என்று அறிந்து மகிழ்ச்சி. அவளை மாடிப்படி ஏறவிடாதீர்கள்.

பனிக்காக யெல்லோஸ்டோன் பூங்காவின் உள்சாலைகளை மூடப்போகிறார்கள். காட்டுமான்கள் ஊருக்குள் இறங்கிவிட்டன. ஒன்று நம் தபால் பெட்டியில் முதுகைச் சொறிந்து அதைச் சாய்த்துவிட்டது. பதில் எழுதினால் தபால் நிலையத்துக்கே எழுதவும்.

நேற்று, ஊற்றுகளுக்கு நம்மோடு காவல் இருக்கும் ஹ்யூபர்ட் வந்தான். செப்டம்பரில் யாரும் பார்க்காமல் பாதிரி பீறிட்டதற்கு இன்னும் துக்கம் அனுசரிக்கிறான். பத்தொன்பது கோடைகளாக நீங்களும் நானும் மடக்கு நாற்காலி போட்டுக் காத்திருந்த வெந்நீர் ஊற்று. பிரசங்கத்தை இதோ முடிக்கிறேன் என்று சொல்லி முடிக்காதவரைப் போல, இதோ வருகிறேன் என்று புகைந்தே காலம் கடத்தியதால் அந்தப் பெயர். அதன் நீர் வழிந்தோடும் ஓடையில் வைத்திருந்த வெப்பமானி சொல்லித்தான் மறுநாள் நமக்கெல்லாம் தெரிந்தது. நீங்கள் தொப்பியைக் கழற்றி, "நம்ம யாருக்கும் குடுத்து வைக்கலப்பா" என்று ஹ்யூபர்ட்டின் தோளைத் தட்டினீர்கள். நன்றாகத் தட்டினீர்கள்.

அதற்கு முந்தைய நாள், அது பீறிட்ட அன்று, என்னிடம், "பாதிரி இன்னிக்கு வரமாட்டாரு வெர்னா. காத்து ஜாஸ்தி, நீ வண்ணக் குளத்துகிட்டயே உக்காரு. நான் ஒரு எட்டு பாத்துட்டு வரேன்" என்றீர்கள். உட்கார்ந்தேன். கொதிக்கும் குளம், நடுவில் நீலம், ஓரமெல்லாம் ஆரஞ்சு, மடியில் நாம் ஒருவரையொருவர் கூப்பிடும் ரேடியோ. சுற்றுலா வந்த ஒருவர் இதில் குளிக்கலாமா என்று கேட்டார். ஒருமுறை குளிக்கலாம் என்றேன். நீங்கள் நனைந்து வந்தீர்கள். மழை என்றீர்கள். குன்றுக்கு இந்தப் பக்கம் பெய்யாத மழை.

உங்கள் மூக்குக்கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள். வினிகர் விட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஊற்றுநீர் கண்ணாடியில் காய்ந்தால் கல்லாகிவிடும் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஏதோ சின்ன ஊற்று தெளித்திருக்கும் என்று உங்களுக்காக நானே ஒரு பொய் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய விருந்தில் மருந்துக்கடை கிளெண்டா எனக்கு உருளைக்கிழங்கு பரிமாறினாள். அவள் கண்ணாடியிலும் அதே புள்ளிகள். பாதிரியா என்று மட்டும் கேட்டேன். காதுவரை சிவந்தாள். "ஆர்லோதான் யார்கிட்டயும் மூச்சு விடாதன்னாரு" என்றாள். பிறகு எனக்கு இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வைத்தாள்.

நீங்கள் அவளோடு போனதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதைப் பற்றி எல்லா ஊர்களிலும் பெண்கள் போதுமான அளவு எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஊற்று எழும்புவதைப் பார்த்தவர் ரேடியோவில் கூப்பிட வேண்டும். நமக்குள் இருந்த ஒரே சட்டம் அதுதான். ஹ்யூபர்ட், தன்னை விட்டுப் போன மனைவியையே, "அடியே, சண்டையை அப்புறம் வச்சுக்கலாம், ஓடி வா" என்று கூப்பிட்டவன். பொத்தானை அழுத்த ஒரு விரல் போதும். அந்த விரல் அப்போது எங்கே இருந்தது என்று கேட்கமாட்டேன்.

கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன். அவள் பக்கத்தில்கூட நின்றிருப்பேன்.

குளிர்காலம் முழுவதும் அக்கா வீட்டிலேயே இருங்கள். வசந்தத்தைப் பற்றி நான் இன்னும் யோசிக்கவில்லை. உங்கள் கம்பளிச் சட்டைகளைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கடவுள் உங்களைச் சளி பிடிக்காமல் காக்கட்டும்.

ஒன்று மட்டும் மறைக்காமல் எழுதுங்கள். பாதிரி எவ்வளவு உயரம் எழுந்தார்? பின்னாலிருக்கும் பைன் மரங்களைத் தாண்டினாரா? கிளெண்டாவைக் கேட்கலாம்தான். ஆனால் தான் எதைப் பார்த்தோம் என்பது அவளுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
வெர்னா