அழிக்காமல் விட்ட வெளிச்சம்

3-2-1957, ஞாயிறு

மாமல்லபுரம் குப்பத்தில் ஊர்த்தலைவர் நாட்டார் சின்னையன் வீட்டுக் கல்யாணம். பொழுது சாய்ந்தபின் ஃபிளாஷ் பல்பு போட்டுப் பதினொரு படம் எடுத்தேன். பாழாய்ப்போன வாடைக்காற்று, அலைச்சாரலில் லென்ஸைத் துடைத்தே கை ஓய்ந்தது. பெண்கள் படத்தில் ஓரமாகக் குப்பம்மா நின்றாள். அவள் புருஷன் தேசப்பன் கார்த்திகைப் புயலில் கட்டுமரத்தோடு போனவன். உடல் கரை ஒதுங்கவில்லை. இவளும் தாலியைக் கழற்றவில்லை.

8-2-1957, வெள்ளி

ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது. படங்களை அப்படியே உறையில் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

12-2-1957, செவ்வாய்

குப்பம்மா செங்கல்பட்டில் என் ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டாள். படத்தை மேசைமேல் எறிந்தாள்.

"இன்னா பாய் இப்புடி பண்ணிட்டே?"

அவள் தோளுக்கு மேல் வெள்ளையாக ஒரு ஒளி உருண்டை. தேசப்பன் ஆவிதான் வந்து நிற்கிறது, ஆள் செத்தது உறுதி என்கிறாராம் நாட்டார். ஞாயிறன்று தாலி அறுத்துக் காரியம் செய்யப் போகிறார்களாம்.

"அவரு வருவாருனு காத்துகினு கீறேன். உன் படம் அவர சாவடிச்சிட்சே!"

யா அல்லா, என்ன காரியம் செய்தேன்! அது சாரல்துளி. லென்ஸை ஒட்டிப் பறக்கிற துளி பல்பு வெளிச்சத்தில் மின்னும். மிக அருகில் இருப்பதால் உருத் தெரியாமல் உருண்டையாகப் பெருத்துவிடும். கடற்கரையில் எடுக்கிற படத்திலெல்லாம் வரும். கொடுக்கும் முன் பிரஷ்ஷால் மை தொட்டு மூடிவிடுவேன். அன்றைக்குத்தான் மூடவில்லை.

14-2-1957, வியாழன்

குப்பத்துக்குப் போய்ச் சொன்னேன். நாட்டார் கேட்கவில்லை.

"எங்க குப்பத்துல எத்தினி கல்யாணம் படம் புடிச்சிகீறே? ஒண்ணுலயாவது இது வந்துதா?"

"எல்லாத்துலயும் வந்துது. நான்தான் அழிச்சிட்டேன்."

ஒருத்தரும் நம்பவில்லை. நம்புவார்களா? ஒளித்தவன் நான்தானே. எனக்கும் கோபம் வந்தது. அந்தி சாயட்டும் என்று காத்திருந்து நாட்டாரையே நிற்கவைத்தேன். ஒரு கையால் கடல்தண்ணீரை லென்ஸுக்கு முன்னால் தெளித்து, மறு கையால் படம் எடுத்தேன்.

16-2-1957, சனி

படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். நாட்டார் தலையைச் சுற்றி ஏழு உருண்டை.

குப்பம்மா முன்னால் வந்தாள். "அப்போ நாட்டாரும் செத்துப் பூட்டாரா?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். நாட்டார் படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "அவளா சொல்ற வரிக்கும் தாலிய எவனும் தொடாதீங்க" என்றார்.

வீட்டில் என் மனைவி ஃபக்ருன்னிசா, "நம்ம படத்துல அழுக்கு கீதுனு நீங்களே ஊரைக் கூட்டிச் சொல்லிட்டு வந்தீங்களா?" என்றாள். ஆமாம், சொன்னேன்.

குப்பம்மா காத்திருக்கட்டும். ஆனால் வருவானா? எனக்கே நம்பிக்கை இல்லை.

20-11-1957, புதன்

இன்று குப்பம்மா வந்தாள். வெறுங்கழுத்து.

"நானே கழட்டிட்டேன் பாய். ஒரு வருசம் ஆயிட்சி. யாரும் சொல்லல."

அந்தப் பெண்கள் படம் ஒன்று வேண்டும் என்றாள். நெகட்டிவைத் தேடி எடுத்தேன்.

"அந்த வெளிச்சத்த அழிக்காத குடு."

"அது வெறும் தண்ணிம்மா. அன்னைக்கே சொன்னேனே."

"தெரியும் பாய். கடல் தண்ணிதானே? அவரு அதுலதான் கீறாரு."

பிரிண்ட் போட்டுக் காயவைத்திருக்கிறேன். நாளைக்கு வந்து வாங்கிக்கொள்வாள். பிரஷ்ஷைத் தொடவில்லை.