கிரீஸ் போட்ட யோயோ

பன்னீரில் சந்தனத் தூளைக் குழைத்துவிட்டு, குங்குமச் சிமிழைத் தேடித்தான் பட்டறையில் உன் இழுப்பறையைத் திறந்தேன். இத்தனை வருடமும் ஆயுத பூஜைக்குச் சாமான் எடுத்து வைப்பது நீ, பொட்டு வைப்பது நான். எது எங்கே இருக்கும் என்று எனக்கென்ன தெரியும்? "அண்ணே, அந்த டிராயர நீங்களே பாத்துக்குங்க, எனக்கு மனசு வரல" என்று உன் மனைவி சாவியைக் கொடுத்துப் பத்து மாதம் ஆகிறது. நானும் திறக்கவில்லை. இன்று திறந்தால் சிமிழ் இல்லை. பழைய பனியன் துணியில் சுற்றிய உன் யோயோ இருந்தது. துணியைப் பிரித்ததும் லேசாகச் சந்தன வாசம் வந்தது. அது போன வருடத்துச் சந்தனம். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. போன பிறகும் என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி நிறுத்தினால் எப்படி?

நாற்பத்தைந்து வயதில் உனக்கு எதற்கு யோயோ? சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உன் மைத்துனன் விளையாட்டாக வாங்கிக் கொடுத்ததை நீ வினையாக எடுத்துக்கொண்டாய். ஊதா நிற அலுமினியம், நடுவில் ஒரு சின்ன பேரிங். சிம்பாங் ரெங்கத்தில் நம் மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன்.

"என்னடா, இந்த வயசுல பம்பரமா?"

"பம்பரம் இல்ல மச்சான். பழைய யோயோ மாதிரியும் இல்ல. இது கீழ போனா தானா வராது, சுத்திக்கிட்டே நிக்கும். நாமதான் வர வைக்கணும்."

முதல் மாதத்தில் ஒரு டியூப் லைட்டை உடைத்தாய். பைக்கோடு காத்திருந்த மலாய்ப் பெரியவர் பாக்சிக்கின் காப்பிக் குவளையைத் தட்டிவிட்டாய்; அவர் "அலமாக்!" என்று எழுந்து, அன்றிலிருந்து வாசலுக்கு வெளியேதான் நாற்காலி போட்டார். உன் நெற்றியில் ஒரு வாரம் புடைப்பு இருந்தது. வாடிக்கையாளர் கேட்டால் சைலன்சர் இடித்துவிட்டது என்று பொய் சொன்னாய். ஆனால் விடவில்லை. டயர் மாற்றும் இடைவெளியில், டீ வரும்வரை, மழை விடும்வரை போட்டுக்கொண்டே இருந்தாய்.

அதைப் பராமரித்த அழகைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைத் தொடுவதற்கு முன் சலவைத்தூள் போட்டு இரண்டு தரம் கை கழுவுவாய். கயிறு அழுக்கானால் உடனே மாற்றுவாய். புதுக் கயிற்றைத் தொப்புள் உயரத்துக்கு அளந்து வெட்டுவாய். முறுக்கு ஏறினால் யோயோவை அந்தரத்தில் தொங்கவிட்டு, அது தானாகச் சுற்றி முறுக்கு அவிழும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நிற்பாய். அங்கே ஒருவன் பிரேக் கம்பிக்காகக் காத்திருப்பான்! "வெயில்ல வைக்காதே, கீழ போடாதே, கிரீஸ் கையோட தொடாதே" என்று எனக்கு உபதேசம் வேறு. வேறு என்னென்னவோ சொல்லியிருப்பாய். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதுதான் பிறகு வந்த வினை.

போன வருடம் பூஜை சனிக்கிழமை வந்தது. மறுநாள் பெர்மாஸ் ஜெயாவில், நீ சேர்ந்திருந்த யோயோக்காரர்களின் கூட்டம். கயிற்றாலேயே தொட்டில் கட்டி, சுற்றும் யோயோவை அதற்குள் ஆட்டும் வித்தையை நான்கு மாதம் பழகியிருந்தாய். எல்லோர் முன்னாலும் முதல் தடவையாகச் செய்யப் போவதாக இருபது முறையாவது சொல்லிவிட்டாய். சனிக்கிழமை காலை நீ வாழைக்கன்று வாங்கப் போயிருந்தபோது, ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்று தோன்றியது. இவனுக்கு இதுவும் ஆயுதம்தானே, இதையும் பூஜையில் வைப்போமே.

இதை உன்னிடம் சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறேன். கேலிக்காகச் செய்யவில்லை. அத்தனை மாதம் சிரித்ததற்கு ஒரு பரிகாரமாகத்தான் செய்தேன். கழற்றினால் பேரிங் எலும்பாகக் காய்ந்து கிடந்தது. ஐயோ பாவம், இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவன் இதை மறந்துவிட்டானே என்று நினைத்தேன். சக்கரத்துக்குப் போடும் நல்ல கிரீஸை எடுத்து அமுக்கி நிரப்பினேன். முப்பது வருட மெக்கானிக் காய்ந்த பேரிங்கைப் பார்த்தால் வேறென்ன செய்வான்? பிறகு மூடி, பக்கவாட்டுக் குழிவில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கம்ப்ரசருக்கும் ஜாக்கிக்கும் நடுவில் வைத்தேன்.

நீ வந்து பார்த்தாய். யோயோவைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். தீபம் காட்டும்போது உன் முகம் மலர்ந்திருந்தது. பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. அதனால் நீ சோதித்துப் பார்க்கவில்லை. ஞாயிறு காலையில் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நேராகப் போய்விட்டாய்.

திங்கட்கிழமை நீ வந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

"நிக்கவே இல்லடா. போட்ட வேகத்துல கைக்கே திரும்பி வந்துடுச்சு. மூணு தரம் போட்டேன், மூணு தரமும். அங்கேயே ஒருத்தன் இடுக்குல டார்ச் அடிச்சுப் பாத்து, 'யாருண்ணே இவ்வளவு கிரீஸ் போட்டது?'ன்னு கேட்டான். கிரீஸ் இருந்தா இது சுத்தாது, உடனே கயித்தப் புடிச்சுக்கும்னு எத்தன தரம் சொன்னேன்? கேலி பண்ணணும்னா நேரா பண்ணு. சந்தனம் குங்குமமெல்லாம் வச்சு ஏண்டா கேலி பண்ற?"

"டேய், நான் வேணும்னு செய்யல, பூஜைக்காகத்தான்" என்று சொல்ல எத்தனை வினாடி ஆகியிருக்கும்? வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு. "விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு ரோஷமா லா?" என்றேன். சிரிக்கவும் சிரித்தேன்.

அதன்பிறகு பன்னிரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. பதினான்காம் நம்பர் ஸ்பேனர் வேண்டும் என்றால்கூட எழுந்து வந்து நீயே எடுத்துக்கொண்டு போனாய். நானும் வீம்புக்கு வாயைத் திறக்கவில்லை. அவனாக வரட்டும் என்றிருந்தேன். பதின்மூன்றாம் நாள் காலை உன் மனைவியின் போன் வந்தது. மாரடைப்பு, குளியலறையில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. நீ என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு போனாய் என்பது தெரியாமலே நான் உன் பாடையைத் தூக்கினேன். இந்த ஒரு வருடமும் என்னை அரித்தது அதுதான்.

இன்று அந்த யோயோவின் கயிற்றை நடுவிரலில் மாட்டிக் கீழே போட்டேன். என் கிரீஸ்தானே உள்ளே இருக்கிறது, உடனே திரும்பி வந்து விரல் முட்டியில் அடிக்கும் என்று விரலைத் தயாராக வைத்திருந்தேன். அது வரவில்லை. கயிற்றின் முனையில் நின்று சுற்றியது. இழுத்தேன், வரவில்லை. வெடுக்கென்று இழுத்தேன், வரவில்லை. கெட்ட வார்த்தையில் திட்டினேன். சுற்றிச் சுற்றித் தானாக ஓய்ந்து தொங்கியது. கையால் கயிற்றைச் சுற்றி மறுபடி போட்டேன். பத்துத் தடவையாவது இருக்கும். சுற்றுகிற யோயோவுக்குள்ளேயே கயிற்றை மடித்து ஊட்டினால் அது கவ்விக்கொண்டு மேலே வரும் என்று நீ காட்டியது நினைவிருக்கிறது. எந்தப் பக்கம் மடிப்பது? நினைவில்லை. ஒருமுறை கயிறு விரலை இறுக்கி நகக்கண் கறுத்துவிட்டது.

அப்போதுதான் மரமண்டைக்கு உறைத்தது. கிரீஸ் இருந்தால் இது இப்படிச் சுற்றாதே!

கழற்றினேன். பேரிங் சுத்தமாக இருந்தது. கிரீஸின் சுவடுகூட இல்லை. ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், அவ்வளவுதான். கயிறு புதிது. அந்தப் பன்னிரண்டு நாளில் எப்போதோ நீ பெட்ரோலில் ஊறவைத்து, உலர்த்தி, எல்லாவற்றையும் துடைத்திருக்கிறாய். உள்பக்கம் பளபளக்கிறது, விளிம்பு பளபளக்கிறது. ஆனால் நான் வைத்த பொட்டு மட்டும் குழிவில் அப்படியே இருக்கிறது. துணி போன தடம் தெரிகிறது. பொட்டைச் சுற்றி வட்டமாகப் போய், அதைத் தொடாமல் நின்றிருக்கிறது. அதைக் கழற்றுவதற்குள் என் உள்ளங்கையெல்லாம் குங்குமம். உன் கையில் எப்படி ஒட்டாமல் போயிற்று? விளிம்பை மட்டும் விரல் நுனியால் பிடித்துத் திருகியிருக்க வேண்டும். கேலிக்கு வைத்த பொட்டு என்று நினைத்தவன் அப்படிச் செய்வானா?

அப்படியென்றால் உனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை என்னிடம் சொல்லித் தொலைத்திருக்கலாமே! பேரிங்கைத் துடைக்க அரைநாள் இருந்தது, "சரி விடுடா" என்று இரண்டு வார்த்தை சொல்ல நேரமில்லையா? ஆத்திரத்தில் இழுப்பறையை ஓங்கிச் சாத்தினேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். உன்னைச் சொல்லி என்ன பயன், நான் மட்டும் வாயைத் திறந்தேனா? இரண்டு பேரும் ஒரே பட்டறையில் முதுகைக் காட்டிக்கொண்டு, அவனே முதலில் பேசட்டும் என்று உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

குங்குமச் சிமிழ் கடைசியில் சாமி படத்துக்குப் பின்னால்தான் இருந்தது. பூஜை முடிந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். யோயோவில் நீ காப்பாற்றி வைத்து, நான் பாதி அழித்துவிட்ட பொட்டுக்கு மேல் புதிதாக எதுவும் வைக்கவில்லை. அது கம்ப்ரசருக்கும் ஜாக்கிக்கும் நடுவில், போன வருடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இன்று தொடக்கூடாது. நாளைக் காலையில் சலவைத்தூள் போட்டு இரண்டு தரம் கை கழுவிவிட்டு எடுப்பேன். கறுத்த விரலில் கயிற்றை மாட்டிப் போடுவேன். வராது. கையால் சுற்றிக்கொண்டு மறுபடி போடுவேன்.