டோலியில் வந்த பாகவதர்

கண்ணுக்கு அப்பன் எழுதுவது.

வீட்டில் எல்லோரும் சுகம். சாமை அறுத்தாகிவிட்டது. ஜெயிலில் கடிதத்தைப் பிரித்துப் படிப்பார்களாமே; அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பாகவதர் எப்படி இருக்கிறார், இன்னும் பாடுகிறாரா என்று கேட்டிருந்தாய். போன வாரம் மலைக்கே வந்திருந்தார். துரை நடத்திய யுத்த நிதிக் கூட்டத்தில் பாட அழைத்திருந்தார்கள். அடிவாரத்திலிருந்து நாங்கள் நாலு பேர் டோலியில் சுமந்து வந்தோம். முன்பக்கத் தண்டு என் தோளில்.

ஏற்றத்தில் நாலு பேர் காலும் ஒன்றாக விழ வேண்டுமானால் பாட்டு வேண்டும். வழக்கம்போல அவருடைய கொடிப் பாட்டையே எடுத்தேன். சந்தையில் நீ பாடிப் பிடிபட்டாயே, அதே பாட்டு.

"நிறுத்துப்பா. அந்தப் பாட்டு வேண்டாம். துரை காதுல விழுந்தா வம்பு" என்றார் உள்ளேயிருந்து.

"ஏனுங்க, நீங்க பாடுன பாட்டுத்தானுங்களே?" என்றான் பின்னால் வந்த பொன்னன்.

"அது அப்போ."

அதற்குமேல் யாரும் பாடவில்லை. கால் தப்பித் தப்பி விழுந்தது. இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம்.

மேலே போய்த் துரையை வாழ்த்திப் பாடினார். குரல் கெட்டிருக்கும் என்று நினைத்தேன். கெடவில்லை. அதைத்தான் என்னால் கேட்க முடியவில்லை.

உன்னைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டுமென்று ஏறும்போது நினைத்திருந்தேன். சொல்லவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான், சாமி. பாகவதர் நன்றாக இருக்கிறார். நல்ல கனம். என் தோள் இன்னும் வலிக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பன்