அக்கா வீட்டு அழைப்பு மணியும் நான்கு பலகைகளும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று லேபில் மேல்வரிசைப் பல்செட் ஒன்று முடித்தேன். அப்படியொரு பல்வரிசை இந்தப் பூமியில் இதுவரை யாருக்கும் வாய்த்ததில்லை. போட்டுக்கொள்ளப் போகிறவர் இனிமேல் சாப்பிடவே மாட்டார். நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டுதான் இருப்பார். இந்தப் பெருமையோடு வீட்டுக்குள் கால் வைத்தால், மனைவி போனைக் கையில் திணித்தாள். அக்கா மகள்.

போன மாதம் அவள் ஊரிலிருந்து வந்து, தன் அம்மா வீட்டு மணியை அடித்திருக்கிறாள். அக்காவுக்குக் காது மந்தம். காது மிஷின் உண்டு. வெளியே போனால் போடுவாள், வீட்டுக்குள் அது கீச்சுக்கீச்சென்று கத்துகிறது என்று கழற்றி டப்பாவில் வைத்துவிடுவாள். உள்ளே தையல் மிஷின் ஓட, வெளியே மகள் மணி அடிக்க, ஒரு மணி நேரம். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் ஏணி வைத்து பால்கனியில் இறங்கினார். அக்கா அவரைக் கத்தரிக்கோலோடு வரவேற்றாள்.

அன்றிலிருந்து மகளுக்கு ஒரே பிடிவாதம். இருபத்தெட்டாம் தேதி வருகிறாள். அம்மாவைக் கையோடு கூட்டிப் போகிறாள். திரும்பிப் போக இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று.

"உள்ள விழுந்து கிடந்தாக்கூட எனக்குத் தெரியாது மாமா," என்றாள்.

 பதில் இல்லாதபோது சபதம் போடுவது என் பரம்பரைக் குணம். மணி அடித்தால் உன் அம்மா கண்ணுக்குத் தெரியும்படி ஒரு விளக்கு செய்து வைக்கிறேன், நீயே வந்து அடித்துப் பார், அவள் திறக்காவிட்டால் கூட்டிப் போ என்றேன். யோசித்தாள். "சரி மாமா. ஆனா ஏமாத்தக் கூடாது." என்னைப் பார்த்து! (ஏமாற்றக்கூடியவன்தான். இருந்தாலும்.)

மார்ச் 4, புதன்

அக்காவிடம் போய்ச் சொன்னேன். மிஷினை நிறுத்தாமலே, என் உதட்டைப் பார்த்துக் கேட்டுக்கொண்டாள்.

"அங்க போய் நான் என்னடா பண்றது? சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காரவா? இங்க நாலு பேரு என்னைத் தேடித் துணி எடுத்துட்டு வர்றாங்க."

பேண்ட் சுருக்க, சட்டை பிடிக்க, ஜிப் மாற்ற என்று வருகிறவர்கள்தான். அந்த நாலு பேரில் மூன்று பேர் மணி அடித்து ஓய்ந்து, தெருமுனைக் கடைக்குப் போய்விடுகிறார்கள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. மிஷினை நிறுத்தி, கொஞ்சம் தணிந்த குரலில், "திரும்பிப் போறவங்கள ஜன்னல் வழியா முதுகுப் பக்கமாத்தான் பாக்கறேன்," என்றாள்.

கடையில் விற்கிற விளக்கு மணி ஒன்றை வாங்கி வந்து மாட்டினோம். மின்மினிப் பூச்சிக்கு ஜலதோஷம் பிடித்தது போல மினுக்கியது. தையல் மிஷின் விளக்கின் வெளிச்சத்தில் அது இருப்பதே தெரியவில்லை. ஆகவே — அடியேன்தான் செய்தாக வேண்டும். உலகம் என்னைவிட்டால் வேறு யாரிடம் போகும்?

மார்ச் 7, சனி

எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரருக்கு நான் வைத்த பெயர் ரெசிஸ்டர். எது கேட்டாலும் குறுக்கே நிற்பார். மணியை அமுக்கினால் அரை நிமிடம் விளக்கு கண் சிமிட்ட வேண்டும். அதற்கு இரண்டு எட்டுக்கால் சிப் போதும். ஒன்று அரை நிமிடத்தைப் பிடித்துவைக்கும், மற்றது சிமிட்டும். நான் கேட்டது அவ்வளவுதான். எதன் மேல் கட்டப் போகிறீர்கள் என்றார். மேசை மேல் என்றேன். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

பிறகு பலகைகளை வரிசையாகக் கடைபரப்பினார். பிரெட்போர்டு வாங்கினேன். ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டர் வேண்டாம், சூடு வேண்டாம், ஓட்டையில் ஒயரைச் செருகினால் வேலை முடிந்தது. பலகைகளில் இது வாடகை வீடு. ஆணி அடிக்க முடியாது; ஆனால் பிடிக்காவிட்டால் சாயங்காலமே காலி செய்யலாம்.

மார்ச் 8, ஞாயிறு

எரிந்தது! மதியம் சாப்பாட்டுக்கு முன்னால், சாப்பாட்டு மேசையிலேயே. சூரியன் கொஞ்சம் வெட்கப்பட்டு மேகத்துக்குள் போனதை நானே பார்த்தேன். மனைவி, "என்னங்க, தட்டு வைக்க இடம் விடுங்க," என்றாள். மேதைகளின் மனைவிகள் எல்லோரும் இப்படித்தான் பேசியிருப்பார்கள்.

மார்ச் 9, திங்கள்

அக்கா வீட்டில் மாட்டியாயிற்று. எனக்குச் சிலை வைக்க நல்ல இடமாகப் பார்க்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

சிலை வேண்டாம். அக்கா காலையும் மாலையும் வீடு முழுக்கத் துணி போட்டுத் துடைக்கிறவள். என் பலகையையும் பாசத்தோடு துடைத்திருக்கிறாள். முள்ளம்பன்றி போல நின்ற ஒயர்களில் பாதி துடைத்த துணியோடு வந்துவிட்டன. எங்கேயிருந்து வந்ததோ என்று அவற்றைப் பத்திரமாக நூல்கண்டு டப்பாவில் சுருட்டி வைத்திருந்தாள். திட்டவா முடியும்?

வாடகை வீடு சரிப்படாது. சால்டர் வைக்க வேண்டும்.

மார்ச் 14, சனி

இரண்டாவது பலகை. பின்பக்கம் நீளநீளமாகச் செப்புப் பட்டை ஓடும் ரகம். ஒரே பட்டையில் சால்டர் வைத்த கால்களெல்லாம் தாமாக ஒன்று சேர்ந்துகொள்ளும். லைன் வீடுகள் மாதிரி, ஒருவர் இருமினால் எல்லோருக்கும் கேட்கும். சேரக்கூடாத இடத்தில் பட்டையைச் சுரண்டி வெட்டிவிட வேண்டும் என்று ரெசிஸ்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

சிப்புக்கு அடியில் வெட்ட மறந்தேன். இந்தப் பக்கத்து நாலு காலும் அந்தப் பக்கத்து நாலு காலும் கைகோத்துக்கொண்டன. அடாப்டரைச் செருகியதும் சிப் ஒரு பெருமூச்சு விட்டது, புகையாக.  மனைவி ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

மூன்றாவது, டாட் போர்டு. ஓட்டையைச் சுற்றி ஒரு செப்புப் பொட்டு, அவ்வளவுதான். ஒன்றுக்கொன்று உறவில்லை, எல்லா உறவையும் நாமே ஒயர் போட்டு ஏற்படுத்த வேண்டும். காலி மனை. கட்டினேன். மேலே பார்த்தால் மாளிகை. திருப்பிப் பார்த்தால், நூடுல்ஸ் கொட்டிய தரை. இருந்தாலும் எரிந்தது. சாயங்காலமே கொண்டுபோய் மாட்டிவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

பின்பக்கத்து ஒயர்களில் எதுவோ எதையோ தொட்டுவிட்டது. மதியம் முழுக்க விளக்கு தானாகவே சிமிட்டியிருக்கிறது. அக்கா ஒவ்வொரு தடவையும் எழுந்து போய், யாருமில்லாத வாசலைத் திறந்து திறந்து மூடியிருக்கிறாள். நான் போனதும் கேட்டாள்:

"ஏண்டா, பேய்க்கும் சேத்தா பண்ணியிருக்க?"

சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்புறம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தும் அந்த முழங்கால்தான் கண்ணில் நிற்கிறது. நான் எதுக்கு இதைப் பண்றேன்? சின்னப் பொண்ணு சொல்றதுல என்ன தப்பு? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, என் விளக்கு வந்து தூக்கி விடுமா? — ஆனா அந்தப் பொண்ணோட வீட்ல அக்கா சோபாவோட ஓரத்துல, கைய மடியில வச்சுக்கிட்டு, விருந்தாளி மாதிரி உக்காந்திருந்ததைப் போன வருஷம் நான்தானே பாத்தேன். ரெண்டு நாள் போயிட்டு வந்ததுக்கே அப்படி.

சரி. படு.

மார்ச் 17, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். சொந்த வீடு கட்டப் போகிறேன். அச்சிட்டு, ஆசிடில் அரித்து, முறையான பி.சி.பி. ஒயரே கிடையாது; செப்புக் கோடுகள்தான் ஒயர். துடைத்தாலும் போகாது, ஒன்றையொன்று தொடவும் தொடாது. தொழிற்சாலைக்கு வரைபடம் அனுப்பினால் அழகாகச் செய்து தருவார்களாம். வந்து சேர மூன்று வாரம். அதற்குள் அக்கா சோபா ஓரத்துக்குப் போயிருப்பாள். வீட்டிலேயே செய்ய வேண்டியதுதான்.

மார்ச் 21, சனி

வரைந்த கோடுகளை வழவழப்பான தாளில் லேசர் பிரிண்ட் எடுத்து, செப்புத் தகட்டின் மேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தேன். மை தாளைக் கைவிட்டுச் செப்பைப் பிடித்துக்கொண்டது. பிறகு பெர்ரிக் குளோரைடு கரைசலில் போட்டு ஆட்டினால், மை இல்லாத இடத்துச் செப்பெல்லாம் கரைந்து போகும். பிளாஸ்டிக் பேசினைத் தாலாட்டுவது போல ஆட்டினேன். மனைவி பெற்ற பிள்ளைகளைக்கூட நான் அவ்வளவு ஆட்டியதில்லை. இதை அவளே சொன்னாள்.

கோடுகள் தங்க ஆறுகளாக வந்தன. பேசின், என் வேட்டி, குளியலறைத் தரையில் ஒரு தேசப்படம் அளவுக்கு — எல்லாம் துருநிறம். தரையை நாளை தேய்த்துக் கொடுப்பதாக உடன்படிக்கை கையெழுத்தாகியிருக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

தேய்த்தேன். போகவில்லை.

மார்ச் 23, திங்கள்

லேபில் பல் அக்ரிலிக்கைத் துளைக்கும் நுண்ணிய டிரில்லால் எல்லா ஓட்டையும் போட்டேன். முடி நுழையும் ஓட்டைகள். வழக்கம்போலச் செப்பில்லாத பக்கத்திலிருந்து சிப்பை வைத்துப் பார்த்தேன். முதல் கால் இருக்க வேண்டிய இடத்தில் எட்டாம் கால்.

இடவலம் மாறிவிட்டது. தாளைக் கவிழ்த்துத் தேய்க்கும்போது படம் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பும். ஆகவே பிரிண்ட் எடுக்கும்போதே ஒரு தடவை திருப்பி எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. இந்த மாதிரி தப்பை யார் வேண்டுமானாலும் செய்யலாம், நான் செய்யலாமா? வாயில் அச்செடுத்து, அச்சிலிருந்து அச்செடுத்து, வலது கடைவாய்ப் பல்லையும் இடது கடைவாய்ப் பல்லையும் தூக்கத்தில்கூடப் பிரித்துச் சொல்கிற தொழில் என்னுடையது.

இன்னொரு செப்புத் தகடு வாங்க ரெசிஸ்டர் கடைக்கு ஓடினேன். ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம்தான் வருமாம். என் பலகையைத் தூக்கிப் பார்த்தார். அந்த மனிதர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். அவரது முன்பல் கொஞ்சம் ஆடுகிறது.

"சிப்பைச் செப்புப் பக்கமாவே ஏத்துங்க சார். எல்லாம் தானா நேராயிடும்."

படம் திரும்பிவிட்டதென்றால் சிப்பும் பலகைக்கு மறுபக்கம் போய் உட்கார வேண்டியதுதானே!  அவருடைய முன்பல்லுக்கு என் செலவில் ஒரு வழி செய்வதாக வாக்களித்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

சால்டர் வைக்க வேண்டிய பக்கத்திலேயே சிப்பும் உட்கார்ந்திருப்பதால், அதன் வயிற்றுக்கு அடியில் சால்டர் கம்பியின் முனையை நுழைத்துத்தான் ஈயம் வைக்க வேண்டும். கொஞ்சம் தூக்கி நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக. முடிந்தது. பார்க்க, சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது. ஆனால் எரிகிறது. தட்டினேன், எரிகிறது. ஆட்டினேன், எரிகிறது. ஈரத்துணியால் துடைக்கிற பாவனை செய்தேன், எரிகிறது. சோப்பு டப்பாவுக்குள் வைத்துத் திருகி, அக்கா வீட்டுச் சுவரில் தையல் மிஷினுக்கு நேர் எதிரே விளக்கை மாட்டினேன். பன்னிரண்டு வோல்ட், நீளப் பட்டை விளக்கு. கலங்கரை விளக்கத்துக்குத் தம்பி.

மார்ச் 27, வெள்ளி

மூன்று நாளாக ஒரு பேயும் வரவில்லை. துணி கொண்டுவந்தவர்கள் யாரும் திரும்பிப் போகவும் இல்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மார்ச் 28, சனி

வந்தாள். ரயிலடியிலிருந்து நேராக என் வீட்டுக்கு. என் போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, என்னையும் கையோடு அழைத்துப் போனாள். அக்காவிடம் என்ன மணிக்கு வருவாள் என்று சொல்லவில்லை. வாசலில், மாமா அந்த ஓரமா நில்லுங்க என்றாள். கைதி மாதிரி நின்றேன்.

மணியை அமுக்கினாள். உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம். ஓடிக்கொண்டே இருந்தது. மகள் என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் ஒரு பேரரசு தோன்றி, வளர்ந்து, வீழ்ந்திருக்கும். மிஷின் நின்றது. கதவு திறந்தது. வாயில் நாலு குண்டூசியோடு அக்கா. ஊசிகளை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"தையல் பாதியில நிக்குது, முடிச்சுட்டு வரவேண்டாமா? அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு?"

காபி குடித்துக்கொண்டிருக்கும்போது விளக்கு சிமிட்டியது. நானும் மகளும் மணியைக் கேட்டுத் திரும்புவதற்குள் அக்கா வாசலில் இருந்தாள். ஒரு பேண்டை வாங்கிக்கொண்டு வந்தாள். மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேட்டாள், அம்மா கையைப் பிடித்து, உதடு தெரிய, மெதுவாக.

"சரிம்மா. விழுந்துட்டா?"

"ஏன், உங்க வீட்ல தரை இல்லையா?"

மகள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்து, கண்ணைத் துடைத்து, பின்பக்கம் துணி காயப்போடும்போது விளக்கு தெரியாதே என்று ஒரு கொக்கி போட்டாள். நியாயமான கொக்கி. அங்கேயும் ஒன்று வேண்டும். அப்புறம் தினம் ராத்திரி அம்மா ஒரு மெசேஜ் போட வேண்டும், வராவிட்டால் மாமா ஓடிப் போய்ப் பார்க்க வேண்டும். அக்கா பேரம் பேசி, காலையில் போடுவதாக ஒப்புக்கொண்டாள். ராத்திரி அவளுக்குத் தூக்கம் வருமாம்.

மார்ச் 30, திங்கள்

ஒரு டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு மகள் ஊருக்குப் போனாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

தகடு வந்துவிட்டது. பின்பக்கத்துக்கு ஐந்தாவது பலகை. வரைபடம் ஏற்கெனவே இருப்பதால் அரை நாள் வேலை. சொந்த வீட்டின் சுகம் இரண்டாவது வீடு கட்டும்போதுதான் தெரிகிறது. இந்த முறை படத்தைத் திருப்பி எடுத்தேன். மனைவி பக்கத்தில் நின்று, திருப்பியாச்சா, திருப்பியாச்சா என்று தேய்த்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 11, சனி

பேண்ட் ஜிப் போய்விட்டது. அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். வாசலில் எனக்கு முன்னால் இரண்டு பேர், கையில் துணிப்பையோடு. மணி அடிக்கப் போனேன். முன்னால் நின்ற அம்மாள் தடுத்தார்.

"அடிச்சாச்சுங்க. அவங்க பாத்துட்டாங்க. கைவேலை முடிஞ்சாத்தான் திறப்பாங்க."

நான் யார் தெரியுமா, இந்த விளக்கைப் படைத்தவன் யார் தெரியுமா என்று தொடங்கலாமா என்று பார்த்தேன். அதற்குள் கதவு திறந்தது. அவர்கள் முறை முடிந்து, என் முறை வந்தது. அக்கா ஜிப்பை இழுத்துப் பார்த்து, ஓரத்தில் சீட்டுக் குத்தி, குவியலின் அடியில் வைத்தாள்.

வியாழக்கிழமைதான் கிடைக்குமாம்.