கார்டு தட்டாமல் ஏறியவர்கள்

அன்பு மகள் ஷாமினிக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் மெல்பர்ன் குளிருக்குக் கம்பளி போட்டு, வேளைக்குப் பசியாறி, நோய் நொடியில்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம், வாசல் கறிவேப்பிலை சுகம், பக்கத்து வீட்டு மீனம்மா அத்தையின் பூனை நம் வீட்டில் வந்து குட்டி போட்டிருக்கிறது, அதுகளும் சுகம். அம்மாவும் சுகம் என்றுதான் போனில் சொல்லி வருகிறோம். அது பொய்யம்மா. வாட்சப்பில் சொன்னால் நீ அந்த நிமிஷமே கூப்பிடுவாய், பக்கத்தில் இருப்பவள் என்னை முறைப்பாள், அதனால்தான் பேனாவை எடுத்தேன். கண் மங்கலில் வரி கோணினால் பொறுத்துக்கொள்.

அம்மா வாரம் மூன்று தடவை மலாக்காவுக்கு டயாலிசிஸ் போக வேண்டியவள், இப்போது இரண்டு தடவைதான் போகிறாள், போன வாரம் ஒன்றுதான். கால் வீங்கியிருக்கிறது, டாக்டரும் திட்டிவிட்டார். எஸ்டேட்டுக்குள் வந்துகொண்டிருந்த பஸ் நின்றதிலிருந்துதான் இப்படி. பழைய டீசல் பஸ்களை எடுத்துவிட்டு மின்சார பஸ் விட்டார்களே, அது மலாக்காவிலிருந்து தங்கா பத்து ரோட்டில் நம் சிம்பாங் முச்சந்தி வரைக்கும் வந்து அப்படியே திரும்பிவிடுகிறது. அங்கிருந்து செம்பனை மரங்களுக்கு நடுவே வீடு வரை நடை. காலையில் போவது எப்படியோ நடந்துவிடும், ரத்தம் சுத்தம் செய்துகொண்டு துவண்டு திரும்புகிற உடம்புதான் தாங்கவில்லை. கண்ணுக்காக என் லைசென்சைப் புதுப்பிக்க மாட்டேன் என்றுவிட்டார்கள், கிராப் வாடகைக் கார்க்காரனும் நம் ரோட்டைப் பார்த்ததும் வராமல் போய்விடுகிறான். ஒரு நாள் பாதி வழியில் அம்மா கால்வாய் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள், நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், செம்பனைக் குலை ஏற்றி வந்த லாரிதான் எங்களை வீட்டில் விட்டது. அன்றைக்குத்தான் இனிமே போதுங்க, என்னால முடியல என்று சொன்னாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ஷாமினி.

இந்தப் புது பஸ் வேண்டாதவன் நான் என்று நினைத்துவிடாதே. காலமெல்லாம் செம்பனை லாரி ஓட்டிப் புகையைத் தின்றவன், அதன் அருமை எனக்குத் தெரியும். பழைய பஸ்ஸில் டீசல் நாற்றத்துக்கு அம்மா பிளாஸ்டிக் பையும் கையுமாக வாந்தி எடுத்துக்கொண்டே வருவாள். புது பஸ்ஸில் முதல் நாள் என் தோளில் சாய்ந்து சிம்பாங் வரை தூங்கினாள். டிப்போ கூரையில் சோலார் போட்டு வெயிலிலேயே பஸ் ஓடப் போகிறது, நாடு முழுக்க இப்படி மாறும், அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது மெல்பர்னில் இருக்கிற எங்கள் ஆபீஸ்தான் என்று நீ சொன்ன அன்று கோப்பிக் கடையில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லித் தீர்த்தேன். அந்தப் பெருமை இன்னும் போகவில்லை.

எஸ்டேட்டை மட்டும் ஏன் விட்டுவிட்டார்கள் என்று கேட்க, ஆயர் குரோவில் இருக்கிற பஸ் ஆபீசுக்குத் தேவன் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நம் எஸ்டேட் பஸ்ஸை அத்தனை வருஷம் ஓட்டியவன் அவன்தானே, இப்போது புது பஸ்ஸும் ஓட்டுகிறான். அங்கே ஒரு பெண்பிள்ளை மரியாதையாக உட்கார வைத்து, கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டியது. நம் நிறுத்தத்தில் ஆள் ஏறியதே இல்லை என்கிற மாதிரி இருந்தது. அப்ப நாங்கல்லாம் பேயா என்று கத்திவிட்டேன். வயசானவர்களுக்கு இலவசம்தான் அங்கிள், ஆனால் ஏறும்போது கார்டை மெஷினில் தட்டினால்தான் கணக்கில் ஏறும் என்று அது சொன்னது. தேவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பழக்கம் உனக்குத் தெரியாதா. அம்மாவும் மீனம்மாவும் படியில் நின்று பையைத் துழாவினால், ஏறி உக்காருங்கக்கா, இலவசந்தானே, கார்டு எங்க ஓடிடப் போவுது லா என்பான். தங்கமான மனுஷன் என்று நாங்களும் வாழ்த்திக்கொண்டே ஏறினோம். வெளியே வந்ததும், அண்ணே, அக்காவ நாந்தான் நடுரோட்டுல இறக்கி விட்டுட்டேன் என்றான். கடையில் ஒரு கிளாஸ் தே வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

திரும்பி வரும்போதுதான் நீ சொன்னது ஞாபகம் வந்தது, ஏறுகிற ஆளைப் பார்த்துத்தான் எங்கே பஸ் விடுவது என்று முடிவு செய்கிறோம்பா என்றாயே. அப்படியென்றால் நம் நிறுத்தமும் உன் மேசைக்கு வந்துதான் போயிருக்கும். ஆயிரம் நிறுத்தத்தில் அதுவும் ஒன்று, உனக்கு எப்படித் தெரியும், உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் நினைத்துப் பார். பள்ளிக்கூடச் சட்டையோடு அதே பஸ்ஸில் ஏறின காலத்தில் தேவன் உனக்கு ஒரு நாளாவது டிக்கெட் கிழித்தானா? அந்த பஸ்ஸில் போய்ப் படித்துத்தான் இந்த வேலைக்கு வந்தாய், ஆனால் நீ ஏறியதாகவும் எந்தக் கணக்கிலும் இல்லை.

கார் வாங்கப் பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே. எங்களுக்குக் கார் வந்தால் மீனம்மா நடக்க வேண்டியதுதான். அம்மாவுக்காக யாரிடமும் போய்க் கேட்கவும் வேண்டாம். ஒரு ஊருக்கு ஆள் இல்லை என்று எழுதுவதற்கு முன்னால், அங்கே ஒரு மனுஷரைக் கொண்டுபோய் நிற்க வைத்துப் பார்க்கும்படி உன் ஆபீசில் சொல். நான் கேட்பது அவ்வளவுதான்.

பொங்கலுக்கு வருகிறேன் என்றாயே, கே.எல். ஏர்போர்ட்டிலிருந்து கார் எடுக்காதே. மலாக்காவுக்கு வந்து தேவன் மாமாவின் பஸ்ஸில் ஏறு. கார்டைத் தட்டு, இப்போதெல்லாம் தட்டாமல் அவன் யாரையும் உள்ளே விடுவதில்லை. அம்மாவை டயாலிசிஸ் முடித்து அதே பஸ்ஸில் அழைத்து வருகிறேன். சிம்பாங்கில் இறங்கி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் நடக்கிற நடையிலேயே நீ வீடு வரை வா.

நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். கடிதம் போட்டது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

உன் அப்பா,
வீராசாமி