காதுமூடி மேல் குற்றம் இல்லை

காஹாங், ஜொகூர்
12 மார்ச் 2024

மதிப்பிற்குரிய பேராசிரியர் ஷாமளா அம்மாவுக்கு,

பேச்சியம்மாள் வணக்கம் சொல்லி எழுதுவது. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் ஏதோ இருக்கிறோம்.

என் வீட்டுக்காரர் ஐயாசாமியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஜொகூர் பாருவிலிருந்து வந்தீர்கள். ஒரு வாய் சாப்பிடவில்லை. “மெஷின் சத்தத்துக்கு நான் குடுத்த காதுமூடியாலதான் அண்ணனுக்கு லோரி வந்தது கேக்கல” என்று அழுதீர்கள். அடுத்த வாரமே அவர் வேலை செய்த எண்ணெய் ஆலையில் எல்லாருடைய காதுமூடியையும் திரும்ப வாங்கிவிட்டீர்களாம், ஆராய்ச்சியையும் நிறுத்திவிட்டீர்களாம். அங்கே கொதிகலனில் வேலை செய்யும் என் மகன் ரூபேந்திரன் சொன்னான். அதைக் கேட்ட பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அந்தக் காதுமூடி, எண்ணெய் பிழிந்து மிஞ்சும் செம்பனைக் குலை நாரை அமுக்கிச் செய்தது என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. “நாம வீசுற சக்கைய நமக்கே மாட்டி விட்டுட்டாங்க, பாரு” என்று கடைக்காரரிடம்கூடச் சொன்னார்.

அம்மா, அவருக்குக் காது போய் நாலு வருடம். சிங்கப்பூரிலிருந்து மகள் பேசினால் “ம், ம்” என்பார். போனை வைத்த பிறகு என்ன சொன்னாள் என்று என்னிடம் கேட்பார். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார்.

உங்கள் காது சோதனையில் மட்டும் நல்ல காது என்று வந்தது. உங்கள் மாணவி லோஷினி எதிரே உட்கார்ந்து கருவியைத் தட்டும்போதெல்லாம், அந்தப் பிள்ளையின் விரலைப் பார்த்தே இவர் சத்தம் கேட்டதுபோல் பட்டனை அமுக்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்து “ஃபுல் மார்க் லா” என்றார். தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். நானும் சிரித்துவிட்டுத் தோசை ஊற்றினேன். அன்றைக்கே உங்களுக்கு ஒரு போன் போட்டிருந்தால், அவரை லோரி வந்து போகிற இடத்தில் நிற்க விட்டிருக்க மாட்டீர்கள். காதுமூடி இல்லாமல் நின்றிருந்தாலும் அந்த லோரி அவருக்குக் கேட்டிருக்காது. உங்கள் மேல் குற்றம் இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தவள் நான்.

இப்போது ஆலையில் பையன்கள் பஞ்சை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். சிலர் அதுவும் இல்லை. முந்தாநாள் ரூபேந்திரன் சாப்பிடும்போது அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, “தம்பி, ரசம் ஊத்தவா” என்று கேட்டேன். அசையவில்லை. இன்னொரு தடவை கேட்டேன். தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினான். “ஏதோ யோசனைம்மா” என்கிறான். அவன் அப்பாவும் முதல் வருடம் அதையேதான் சொன்னார். அவனுக்கு வயது இருபத்தாறு.

தயவுசெய்து வாருங்கள் அம்மா. காதுமூடிகளையும் கொண்டுவாருங்கள். அவனைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்துச் சோதியுங்கள். நல்லா கேக்குது என்று சிரித்துப் பேசுவான், நம்பாதீர்கள். எவ்வளவு காது மிச்சம் இருக்கிறது என்று எனக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள். அவன் வேலை போனாலும் போகட்டும்.

உங்களுக்கு ஒரு குறையும் வராமல் கடவுள் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்களை எதிர்பார்த்திருக்கும்
பேச்சியம்மாள்