காலூன்றிய மேகம்

தார்ப்பாயை நேற்று பரணிலிருந்து இறக்கினோம். நவரை அறுவடை முடிந்து நெல் காயவைக்க வேண்டியிருந்தது. நீலம் வெளுத்துப்போய், மடிப்பெல்லாம் பல்லி முட்டையும் தூசியுமாக இருந்தது. விரித்ததும் அந்தக் கறுப்புப் புள்ளிகள் அப்படியே தெரிந்தன. சோப்புத்தூள், மண்ணெண்ணெய், தேங்காய் நார் என்று நீயும் நானும் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போன அதே புள்ளிகள். குனிந்து மோந்து பார்த்தேன். எரிந்த ரப்பர் வாசனை இன்னும் இருக்கிற மாதிரிதான் பட்டது. இத்தனை வருஷம் கழித்து எங்கே இருக்கப் போகிறது என்று நீ சொல்வாய். சொல்ல நீ இல்லாததால், இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லாதே என்று நீ கேட்டுக்கொண்டதை நேற்று சொல்லிவிட்டேன். அதுவும் யாருக்குத் தெரியக்கூடாது என்று பயந்தாயோ, அவரிடமே. அதற்குத்தான் இந்த மடல். திட்டுவதென்றால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

கம்பெனி பஸ்ஸில் நமக்கு ஒரே சீட்தான், ஜன்னல் மட்டும் எப்போதும் உனக்கு. கும்மிடிப்பூண்டி போய்ச் சேரும்வரை வெளியே எங்கே புகை தெரிந்தாலும் என்ன எரிகிறது என்று சொல்லுவாய். கறுப்பு என்றால் டயர். பழுப்பு கலந்த வெள்ளை என்றால் வைக்கோல். "அது கல்யாண ஊடுமே, பிரியாணி தம் போட்டுக்கினு கீறாங்க" என்று ஒருநாள் சொல்லி, பஸ் அந்தத் திருப்பம் போனதும் நிஜமாகவே பந்தல் தெரிந்தபோது பஸ்ஸே கைதட்டியது. எனக்கு அதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு. நீ மட்டும் நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்தப் புள்ளிகள் விழுந்த சித்திரையிலும் இதேபோல ரோட்டோரம் எங்கள் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நான் லீவு போட்டிருந்தேன். உனக்கு வார விடுமுறை, கூடமாட உதவ வந்திருந்தாய். உன் அம்மா எங்கள் கழனிக்குக் கூலிக்கு வந்தவர். நீ என் சிநேகிதியாக வந்து நின்றாய். உன்னை எப்படி நடத்துவதென்று தெரியாமல் என் நைனா வருஷா வருஷம் தடுமாறுவார். நாற்காலி போடுவார், உட்காரச் சொல்ல மாட்டார். நீ அதில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நெல்லைக் கிளறப் போவாய். அப்படி ஒரு திமிர் உனக்கு.

சாப்பாடு முடிந்த நேரம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. திடீரென்று நைனா கத்தினார்: "மழ வர்து! நெல்ல வாருங்க, தார்ப்பாய எடுங்க!"

திரும்பிப் பார்த்தேன். கிழக்கே, அத்தனை வெறும் நீலத்தில், ஒரே ஒரு மேகம். அப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்ததில்லை. காலிஃபிளவர் பூப்பதை நின்று பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி அடியிலிருந்து புதிது புதிதாகக் கொப்பளித்து, முன்னால் வந்ததைத் தள்ளிக்கொண்டு மேலே மேலே ஏறியது. ஓரமெல்லாம் வெயில் பட்டுக் கண் கூசியது. தெருவே ஓடிவந்துவிட்டது. நெல் வாரும் நீளக்காம்பு வாரியலும் கூடையுமாக எல்லோரும் நெல்லைக் குவித்தார்கள். நான் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்திருந்தேன், மறுமுனை உன் கையில். நீ இழுக்கவில்லை.

"எவ்ளோ அழகா கீதுடி," என்றாய்.

அடுத்த மூச்சில் உன் முகம் மாறியது. "இது மழ இல்லமே. இதுக்குக் கால் கீது பாரு."

பனைமரங்களுக்கு இடையில் பார்த்தேன். அவ்வளவு பெரிய வெள்ளைக்கு அடியில் கன்னங்கரேலென்று ஒரு தூண். நேரே தரையிலிருந்து கிளம்பி, முறுக்கிக்கொண்டு மேலே போய், அந்த உயரத்தில் மேகமாக மலர்ந்துகொண்டிருந்தது. மழை மேகம் தரையில் கால் ஊன்றாது. எங்கோ டயர் எரிகிறது. அந்தத் திசையில் டயர் என்றால் ஒரே இடம்தான், தொழிற்பேட்டையின் பழைய டயர் குடோன். அதற்கு அடுத்த சுவர், உன் வீட்டுக்காரர் அன்று முதல் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி.

போன் போட்டாய். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாய். நான் ஸ்கூட்டியை எடுத்தேன். நைனா பின்னாலிருந்து, "மழ வர நேரத்துல எங்கமே போறீங்க?" என்று கத்தியது காதில் விழுந்தது. தார்ப்பாயை அப்படியே போட்டுவிட்டுப் போனோம்.

அந்தப் பாதையை எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அன்றுபோல் என்றைக்கும் போனதில்லை. கிட்டே போகப் போக அது நம் தலைக்கு மேலேயே வளர்ந்தது. ஒரு இடத்தில் வெயில் சட்டென்று நின்றுபோய், நாம் அதன் நிழலுக்குள் போய்விட்டோம். சித்திரை மத்தியானத்தில் உடம்பு சில்லிட்டது. காற்று நம் முதுகைப் பிடித்துத் தள்ளியது. ரோட்டுப் புழுதி, காய்ந்த இலை, பிளாஸ்டிக் கவர் எல்லாம் நம்மோடு சேர்ந்து நெருப்பை நோக்கித்தான் ஓடின. சுற்றுப்பட்டுக் காற்று முழுவதையும் அது இழுத்துக் குடிக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. குளத்து ஈரம், கடல் ஈரம், கழனி ஈரம் எல்லாம் அதனுள்ளே போய்த்தான் அந்த வெள்ளை ஆகியிருக்க வேண்டும். மனிதர் கை வைக்க முடியாத ஒன்று, மனிதர் போட்டுவைத்த குப்பையிலிருந்து எழுந்து நிற்கிறது.

நீ என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். "அவரு உள்ள கீறாருடி. நான் அதப் பாத்து அழகுன்னு சொல்லிட்டேன். யாராண்டயும் சொல்லாத. அவருக்குத் தெரியவே கூடாது."

சொல்லமாட்டேன் என்றேன்.

அவர் கம்பெனி கேட்டுக்கு வெகு தூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது நம் கம்பெனியிலும் உள்ள சட்டம்தான். ஆனால் அது என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் பார்த்தோம். போன் வைக்கும், கட்டம் கட்டமான மரப்பலகையை செக்யூரிட்டி அப்படியே தூக்கிவந்து புளியமரத்தடியில் சாய்த்திருந்தார். அத்தனை போனும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தது. விதவிதமான பாட்டு, விதவிதமான மணி. ஊரில் உள்ள அம்மாக்களும் பெண்டாட்டிகளும் எல்லோரும் அந்தப் பலகைக்குள்ளிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நீ உன் போனில் மறுபடி அழுத்தினாய். பலகையில் ஒரு கட்டத்தில் வெளிச்சம் வந்தது. அந்தத் திரையில் உன் முகம், கிறிஸ்துமஸ் புடவையில் சிரித்துக்கொண்டு.

"பின்னாடி கேட்டு வழியா எல்லாரையும் உட்டாச்சுமா," என்றார் செக்யூரிட்டி.

"நீங்க பாத்தீங்களா?"

அவர் அடித்துக்கொண்டிருந்த போன்களைப் பார்த்தார். அப்போதுதான் முதல் சொட்டு உன் கையில் விழுந்தது. கறுப்பாக. அந்த மேகம் நிஜமாகவே மழையாகிவிட்டிருந்தது. நெருப்புக்குள்ளிருந்து வந்த தண்ணீரை நீ உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாய். ஜெபம் செய்தாயோ என்னவோ, உதடு அசைந்தது.

அவரைக் காணாமலே ஊர் திரும்பினபோது நம் ரோட்டோரம் முழுவதும் நீலமும் பச்சையுமாகத் தார்ப்பாய்கள். எங்கள் குவியலின் மேல் இரண்டு பேர், காற்றுக்குத் தார்ப்பாய் பறந்துவிடாதபடி ஆளுக்கொரு பக்கம் அழுத்தி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என் நைனா. இன்னொருவர் முகம் முழுக்கக் கரியாக, கண் மட்டும் வெள்ளையாக. பின்கேட்டில் வெளியேறி ஏரிக்கரை வழியே உன்னிடம் சொல்ல ஓடிவந்த உன் வீட்டுக்காரரை நைனா பிடித்து உட்காரவைத்துவிட்டார்.

உன்னைப் பார்த்ததும், அந்தக் கரி முகத்தோடு, "மழ வர்துன்னு ஊரே பேஜாராகிக் கெடக்கு, நீ எங்கமே ஊர் சுத்திக்கினு வர்றே?" என்றார்.

நீ ஓடிப்போய் அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாய். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதாய். நைனா எழுந்து உனக்கு இடம் விட்டார், "உக்காரு" என்று வாய் திறந்து சொன்னார். தார்ப்பாய் மேல் கறுப்புச் சொட்டுகள் பட்பட்டென்று விழுந்தன. மழை என்று தப்பாக நினைத்து மூடியதால்தான் ஊர் நெல் அன்று தப்பியது.

அன்றிலிருந்து வருஷா வருஷம், நான் அண்ணன் என்று கூப்பிடும் உன் வீட்டுக்காரர் எங்களுக்குத் தார்ப்பாய் போட வந்துவிடுவார். போன ஐப்பசியில் உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தபின், இந்த வருஷம் வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். ஒரு புள்ளியை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டார்: "அன்னிக்கு ஊரே அந்த மேகத்தப் பாத்துச்சாமே தங்கச்சி. நான் அதுக்கு அடியில இருந்தேன், எனக்குப் பொகதான் தெரிஞ்சிது. எப்படிமா இருந்துச்சு?"

எனக்கு உன் வார்த்தையைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. "அவ அத அழகா கீதுன்னு சொன்னாண்ணா. சொல்லிட்டோமேன்னு கடைசி வரைக்கும் பயந்துக்கினே இருந்தா."

அண்ணன் அந்தப் புள்ளியையே சுரண்டிக்கொண்டிருந்தார். கோபமோ என்று நினைத்தேன். பிறகு சிரித்தார். "சொல்லியிருப்பா. அத என்னாண்ட சொல்றதுக்கு இன்னா பயம் அவளுக்கு?" என்றார். சிரித்துக்கொண்டிருந்தவர் தார்ப்பாயின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உன்னிடமிருந்து என்னிடம் தங்கிவிட்டது ஒரு பழக்கம். எந்த மேகத்தைப் பார்த்தாலும் முதலில் அதன் காலைத் தேடுகிறேன். இன்று சாயந்திரம் காட்டுப்பள்ளிப் பக்கம், கடலுக்கு மேலே, வெள்ளை வெளேரென்று ஒன்று எழுந்தது. பனைமரங்களுக்கு இடையில் தேடினேன். கால் இல்லை. பக்கத்தில் அண்ணனும் வாரியலை ஊன்றிக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார்.

"அழகா கீதுமே," என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.